கீசரை அணைக்கலாமா, விடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ப்ரீபெய்ட் மீட்டர். ஜூன், ஜூலை குளிரில் போட்ட யூனிட் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. கீசரை அணைத்துப் போடு என்கிறான் மகன். அணைத்துப் போட்டால் மறுபடி கூடுதலாக இழுக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். யார் சொல்வது சரி?
– பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பாட்டி

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி, அம்மா. எலக்ட்ரீஷியனாக எத்தனையோ வீடுகளில் இதே வழக்கைக் கேட்டிருக்கிறேன். சூடான தொட்டி எந்நேரமும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் ஆற ஆற அந்த இழப்பு குறையும். மறுபடி போடும்போது, போன சூட்டை ஈடுகட்டும் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும்; அதற்கு மேல் இழுக்காது.

ஆனால் 150 லிட்டர் கீசர் நாள் முழுக்கச் சும்மா நின்றாலே சுமார் இரண்டு, இரண்டரை யூனிட்தான் போகும். அணைப்பதால் மிஞ்சுவது அதில் ஒரு பங்கு. பெரிய செலவு குளியலறையில் இருக்கிறது. 20 டிகிரியில் இருக்கும் அந்த 150 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏழு யூனிட் வேண்டும். பழைய ஷவரில் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும். பத்து நிமிடம் நின்றால் ஏறக்குறைய மூன்று யூனிட். 20 லிட்டர் பக்கெட்டில் வெதுவெதுப்பாக விளாவி, சொம்பால் மொண்டு குளித்தால் அரை யூனிட்கூட ஆகாது. ஊரிலிருந்து வந்த நம் பெரியவர்கள் அப்படித்தானே குளித்தார்கள்! பிள்ளைகள் கேட்கவில்லையென்றால் தண்ணீர் குறைவாக விடும் ஷவர் தலையையாவது மாட்டுங்கள்.

மிச்சம் பிடிப்பதற்காக, தண்ணீரின் சூட்டை நிர்ணயிக்கும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். ஷவர் திவலையோடு மூச்சில் ஏறி நுரையீரலைத் தாக்கும். உங்கள் வயதில் அது பொல்லாதது. எப்போது அணைத்தாலும் தினமும் ஒரு முறை 60 வரை முழுதாகச் சூடாகட்டும். தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் மூன்று கிலோவாட் என்றால் அதற்கு அதிகபட்சம் இரண்டரை மணி நேரம் போதும். டிபி போர்டில், அதாவது வீட்டு மெயின் ஸ்விட்ச் பலகையில், இருக்கும் கீசர் ஸ்விட்சைத் தினமும் தட்டுவதைவிட டைமர் நல்லது. அதை பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும்.

மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் ஆடி மாதமும் இந்தக் குளிரில்தான் வருகிறது; அடுப்பிலும் மிச்சம் பிடிக்கலாம். இரும்புத் தட்டு வைத்த கரண்ட் அடுப்பாக இருந்தால் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அணைத்துவிடுங்கள். மிச்சச் சூட்டில் கூழ் வெந்துவிடும். காய்ந்த பீன்ஸை இரவே ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள்.

கீசர் கூரைக்குள் இருந்தால் அதற்கொரு போர்வையும், அதிலிருந்து வரும் சுடுதண்ணீர்க் குழாய்க்கு ஃபோம் உறையும் போடச் சொல்லுங்கள். ஏணியில் மகன் ஏறட்டும், நீங்கள் வேண்டாம். ஏறுவதற்கு முன் கீசர் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.