நானோகுளோராப்சிஸ் பாட்டில் திடீரென வெளுத்துப்போவது ஏன்?

பாட்டிலில் நல்ல பச்சையாக இருந்த நானோகுளோராப்சிஸ் என்ற கடல் நுண்பாசி இரண்டே நாளில் வெளுத்துவிட்டது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தூசி போன்ற வெள்ளைப் புள்ளிகள் தாமாக நகர்ந்தால் அது பெரும்பாலும் ரோட்டிஃபர்தான், மீன்குஞ்சுகளுக்கு இரையாக நாம் தனித் தொட்டியில் வளர்க்கும் நுண்விலங்கு. பாசியை மேய்ந்தே தீர்த்துவிடும்.

பல நேரம் அது நம் ஈரக் கையோடுதான் வந்து சேர்கிறது. அதனால் தினமும் பாசி வேலையை முதலில் முடித்துவிடுங்கள், அப்புறம் ரோட்டிஃபர் தொட்டி. குழாய், மூடி, புனல் எதையும் இரண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள்.

பாசி வளர்க்கப் போகும் உப்புநீரை முதலில் சுத்தப்படுத்த வேண்டும்: அதில் லிட்டருக்கு 1 மில்லி வாசனை சேர்க்காத 5% பிளீச் கலந்து ஒரு நாள் வையுங்கள். சோடியம் தயோசல்ஃபேட்டால் குளோரினை முறித்த பிறகே உரமும் விதைப்பாசியும் (வளர்ப்பைத் தொடங்கச் சேர்க்கும் கொஞ்சம் பாசி) சேருங்கள். காற்றுக்குழாயில் 0.2 மைக்ரான் வடிகட்டி போடுங்கள்.

கெட்ட பாட்டிலைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு சின்ன பாட்டில் தாய்ப்பாசி (விதைக்காக எடுத்துவைத்த சுத்தமான பாசி) இருந்தால் மறுநாளே புதிதாகத் தொடங்கலாம்.