சிங்கி வாங்கப் போனவர்கள்

போன முறை மீன் வாங்குவது பற்றி நாலு வரி எழுதினேன். இந்த முறை தபால் பை முழுக்கச் சிங்கி இறால், அதாவது லாப்ஸ்டர். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டிய பகுதிகளையும் சேர்த்துத்தான்.

ஆலப்புழையில் படகு வீடு எடுத்தோம். மதியம் கரையோரக் கடையில் நிறுத்தி, "லாப்ஸ்டர் இருக்கு, வாங்கிக் கொடுத்தா சமைச்சுத் தர்றோம்" என்றார்கள். மூன்று உருப்படி, 3,600 ரூபாய். ருசி பிரமாதம். ஊருக்கு வந்து படத்தைக் காட்டினால் மைத்துனர் சிரிக்கிறார். நீல நிறத்தில் நீளமாக இரண்டு கை இருந்தது. ஏமாந்துவிட்டோமா? (ஈரோடு)

ஏமாற்றியிருக்கிறார்கள். மைத்துனர் சிரித்ததை மன்னித்துவிடுங்கள், அவரும் எங்கேயாவது ஏமாந்திருப்பார். நீங்கள் சாப்பிட்டது ஆற்றுக்கொஞ்சு. வேம்பநாட்டுக் காயலில் கிடைப்பது, பண்ணையிலும் வளர்க்கிறார்கள், ஹோட்டல்களில் ஸ்கேம்பி என்பார்கள். அருமையான இறால்தான். ஆனால் சிங்கி இல்லை. நம் கடல் சிங்கிக்குக் கொடுக்கே கிடையாது. முள் நிறைந்த தலை, அதிலிருந்து சாட்டை மாதிரி இரண்டு தடித்த மீசை, அவ்வளவுதான். நீலக்கை நீண்டிருந்தால் கொஞ்சு.

ரசீது கொடுத்திருக்க மாட்டார்கள். ஜிபேயில் தொகை இருக்கும், 'லாப்ஸ்டர்' என்ற சொல் இருக்காது. படகுக்காரர் வாட்ஸ்அப்பில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறாரா பாருங்கள். அதுவும் நீலக்கைப் படமும் சேர்ந்தால் வழக்குக்கு உயிர் உண்டு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யுங்கள். நடக்கவில்லையென்றால் ஈரோட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். 2019 சட்டம் வந்தபின், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழியிருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் உயிர்ச் சிங்கி கிலோ 600 ரூபாய் என்று ஒருவர் போடுகிறார். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறார். அனுப்பலாமா? (கோவை)

வேண்டாம்.

காசிமேட்டில் சிங்கி வாங்கினேன். "காலைல பிடிச்சது" என்றார்கள். ஐஸில் இருந்தது. வேகவைத்தால் வால் சதை மாவு மாதிரி உதிர்ந்தது. நான் சமைத்த விதம் தவறா? (வேளச்சேரி)

நீங்கள் வாங்கிய விதம் தவறு. காலையில் பிடித்தது உண்மையாகவே இருக்கலாம். எப்போது செத்தது என்று கேட்டீர்களா? சிங்கி செத்ததும் அதன் சதையை அதன் உடம்பே கரைக்க ஆரம்பித்துவிடும். மீனுக்குப் பார்ப்பதுபோல் கண்ணையும் செவுளையும் பார்த்துப் பயனில்லை. முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். உயிருள்ளது வாலைப் படபடவென்று உள்பக்கம் அடிக்கும். நல்ல தெம்பில் இருந்தால் மீசை அடியிலிருந்து கிரீச் கிரீச்சென்று கதவுக் கீல் மாதிரி சத்தமும் போடும். வால் துணி மாதிரித் தொங்கினால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வெந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. உயிரோடு வெந்ததன் வால் சுருண்டிருக்கும், முன்பே செத்ததன் வால் பெரும்பாலும் தளர்ந்து நீண்டு கிடக்கும்.

இதையெல்லாம் நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். குளச்சலில் இரண்டு நல்ல சிங்கி வாங்கி, தாகமாக இருக்குமே என்று லாட்ஜ் பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து விட்டேன். கடல் பிராணிக்கு நல்ல தண்ணீர் விஷம். குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டும் அடங்கிவிட்டன. ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் ராத்திரி வரை இருந்திருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு உணவகம். மெனுவில் லாப்ஸ்டருக்கு நேராக விலை இல்லை, "ஏ.பி.எஸ்" என்று போட்டிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு ஆர்டர் செய்தோம். ஒன்றுக்கு 5,800 ரூபாய், அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். (தாம்பரம்)

இதற்காகத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஏ.பி.எஸ் என்றால் உருப்படியின் அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். நடைமுறையில் உங்கள் கூச்சத்தின் அளவைப் பொறுத்து. தக்காளிக்காரரிடம் கால் கிலோவுக்குத் தராசு முள்ளைக் குனிந்து பார்க்கிறோம். ஏ.சி. அறையில் மேஜைவிரிப்பு போட்டுவிட்டால், ஆயிரக்கணக்கில் போகும் பிராணியை எவ்வளவு, என்ன விலை என்று கேட்காமல் தலையாட்டுகிறோம். எடைக்கு விற்பதாக அவரே சொல்கிறார். அப்படியானால் எடை போட்டுக் காட்டட்டும். 100 கிராம் என்ன விலை? எடை உயிரோடா, சுத்தம் செய்த பிறகா? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். நம் சிங்கியில் வால்தான் சதை, மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு போல. 600 கிராமுக்குக் காசு கொடுத்தால் தட்டில் 200 கிராம்தான் தின்பதற்கு. மீதி ஓடும் முள்ளும்.

நான் ஒருமுறை தொட்டியில் காட்டிய பெரிய சிங்கியின் மீசையில், கைக்குட்டையிலிருந்து நூல் பிரித்துக் கட்டிவிட்டேன். வெந்து வந்ததில் நூல் இல்லை, உருவமும் ஒரு சுற்றுச் சிறியது. "நூல் எரிஞ்சிருக்கும் சார்" என்றார் மேலாளர். தண்ணீரில் வேகவைத்ததில் நூல் எப்படி ஐயா எரியும்? அரைமணி நேரம் வாதாடினேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார். கடைசியில் முழுப் பணமும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பில் கையில் இருக்கிறதல்லவா? அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் 1915. அந்த 5,800 திரும்பாது. விலை கேட்காமல் சாப்பிட்டதற்கு நான் என்ன செய்ய?

நியூஜெர்சியிலிருந்து குடும்பத்தோடு மெய்ன் மாநிலம் போய், பெனாப்ஸ்காட் விரிகுடாவில் பாய்மரக் கப்பலில் மூன்று நாள். தீவுக் கரையில் லாப்ஸ்டர் விருந்து என்பதுதான் ஈர்ப்பு. ஓட்டைக் கையாலேயே உடைக்க முடிந்தது, உள்ளே பாதி தண்ணீர். ஆகஸ்ட் மாதம். மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இல்லை. அங்கே கோடையில்தான் அது சட்டை உரிக்கும். புது ஓடு மெத்தென்றிருக்கும், வளர்வதற்கு இடம் விட்டுப் பெரிதாக இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். சதை குறைவு, ஆனால் இனிப்பு அதிகம் என்று அதையே தேடித் தின்பவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். கெட்டி ஓட்டில் சதை அடைந்து கிடக்க வேண்டுமென்றால் ஆகஸ்டைத் தவிர்த்திருக்க வேண்டும். மூன்று நாள் பயணத்துக்குப் பணம் கட்டுபவர், எந்த மாதம் என்ன கிடைக்கும் என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருக்கலாம்.

தலைக்கு ஒன்றுதான் தந்தார்கள் என்ற மனக்குறைக்கும் அதே பதில். விளம்பரத்தில் எண்ணிக்கை இருந்ததா? ராட்சத உருவம் ஏன் இல்லை என்கிறீர்கள். முதுகு ஓடு மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் அங்கே கடலில் திருப்பி விட்டாக வேண்டும். முட்டை சுமப்பதென்றால் வாலில் ஒரு வெட்டு அடையாளம் போட்டு விடுவார்கள், மறுபடி யார் பொறிக்கூண்டில் சிக்கினாலும் அந்த அடையாளத்துக்கு விடுதலை. உங்கள் கப்பல்காரர் ஒழுங்கான ஆள்.

எங்கள் ஊரில் 100 கிராம் சிங்கி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (தூத்துக்குடி மாவட்டம்)

அது ஏன் உங்களிடம் வருகிறது தெரியுமா? 2003இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. பச்சைச் சிங்கிக்கு 200 கிராம், சேற்றுத்தரைச் சிங்கிக்கு 300, உடம்பில் கோலம் போட்டதுபோல் வண்ணமுள்ள பெரிய சிங்கிக்கு 500. அதற்குக் கீழே உள்ளது கப்பலேற முடியாமல் உள்ளூர்ச் சந்தைக்கு வருகிறது. 30 கிராம் சதைக்காக இன்னும் முட்டையே போடாத குட்டியை வாங்குவது மலிவா என்ன?

உறைந்த லாப்ஸ்டர் வால், ஒரு கிலோ பாக்கெட். உருகியதும் 720 கிராம். (மதுரை)

எனக்கு 680. ஒருவேளை ஒரே இடத்தில் வாங்கினோமோ! சதை காயாமலிருக்க மேலே ஐஸ் பூசுவது வழக்கம்தான், ஆனால் அதைச் சதை விலைக்கு விற்கக் கூடாது. உறையில் 'நிகர எடை' என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோ என்றால் அடுத்த பாக்கெட்டைப் பிரிக்காமல், பில்லோடு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் போங்கள். நான் பிரித்துக் குழம்பு வைத்த பிறகுதான் புகாரைப் பற்றியே யோசித்தேன்.

மகன் பிறந்தநாளுக்குச் சிங்கி கேட்கிறான். பட்ஜெட் 800 ரூபாய், ஆறு பேர். (நாகர்கோவில்)

நண்டு வாங்குங்கள்.