பழைய படம், பழைய தொடர்: குறை படத்திலா, டி.வி.யிலா? – வாசகர் கேள்வி பதில்

புது டி.வி.யில் பழைய படம் பார்த்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சினிமா மாதிரியே இல்லை. ஒளிப்பதிவு அப்படித்தானா?

ஒளிப்பதிவுமேல் குறை இல்லை. சினிமா விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். டி.வி.யோ விநாடிக்கு 50, 60, சிலவற்றில் 120 முறைகூடத் திரையைப் புதுப்பிக்கிறது. அந்த இடைவெளிக்கு, படத்தில் இல்லாத பிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. எல்ஜியில் இதற்கு ‘ட்ரூமோஷன்’ என்று பெயர், சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’. பிக்சர் செட்டிங்ஸில் தேடி அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே பெரும்பாலும் போதும்.

கையோடு ‘நாய்ஸ் ரிடக்‌ஷனை’யும் அணையுங்கள். ஃபிலிமின் மணிமணியான துகளை அழுக்கு என்று நினைத்து அது துடைத்துவிடும். அதனுடன் முகத்துச் சுருக்கமும் புடவையின் நெசவும் போய்விடும். ஷார்ப்னஸை, முகத்தின் ஓரத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு மறையும்வரை இறக்குங்கள்.

பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருகிறதே, ‘ஜூம்’ போட்டு நிரப்பினால் என்ன தப்பு?

தப்புதான். நிரப்பாதீர்கள். 1950-களுக்கு முந்தைய பேசும் படங்களின் படச்சட்டம் (அகலத்துக்கு உயரம்) பெரும்பாலும் 1.37-க்கு 1, பழைய டி.வி. தொடர்கள் 4:3. உங்கள் திரை 16:9. இந்தச் சதுரத்தை அந்த அகலத்துக்கு ஜூம் செய்தால் மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் வெட்டுப்படும். முதலில் போவது நெற்றி, அப்புறம் கைகள். நடனக் காட்சி என்றால் பாதம் போயிற்று. ஆடுகிறவரின் உழைப்பில் பாதியைப் பார்க்கவே முடியாது.

‘ஸைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 2021-இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது 16:9-க்கு வெட்டப்பட்டிருந்தது. சாலைக் குழி ஒன்றை வைத்தே ஒரு எபிசோட் உண்டு. நடிகர் குனிந்து எதையோ உற்றுப் பார்க்கிறார். குழி சட்டத்துக்குக் கீழே போய்விட்டது. பார்க்கிறவர்களுக்கு நகைச்சுவையே விளங்கவில்லை. ‘இந்தத் தொடரில் என்ன இருக்கிறது’ என்று யாராவது கேட்டால், அவர் எந்த வடிவத்தில் பார்த்தார் என்று முதலில் விசாரியுங்கள்.

வெட்டாமல் இழுத்தும் நிரப்புவார்கள். அதைக் கண்டுபிடிக்கக் காட்சியில் ஒரு வட்டத்தைத் தேடுங்கள்: சுவர்க் கடிகாரம், கார் சக்கரம், நெற்றிப் பொட்டு. முட்டை வடிவமாகத் தெரிந்தால் ரிமோட்டில் பிக்சர் சைஸை 4:3 ஆக்குங்கள். பிறகும் முட்டையாகவே இருந்தால் கோப்பே அப்படி ஏற்றப்பட்டது. வேறு பிரதி தேடுங்கள். தமிழில் இன்னொரு அடையாளமும் உண்டு. நம் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. 1960-களின் தமிழ்ப் படம் ஒன்று ஸ்கோப் அகலத்தில் ஓடினால், பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இசைத்தட்டில் கேட்ட பாட்டு, அதே படத்தின் டி.வி.டி.யில் சுருதி ஏறி ஒலிக்கிறது. காதில் கோளாறா?

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. ‘பால்’ (PAL) என்பது நம் நாட்டின் பழைய டி.வி. ஒளிபரப்பு முறை; அதில் விநாடிக்கு 25 பிரேம். 24 பிரேம் படத்தை அதில் ஏற்ற, பல நேரம் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். 4 சதவீதம் வேகம் கூடினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும்; சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். பாடகரின் குரலில் இருக்கும் கனம் குறைந்து, வசனமும் அவசரமாகக் கேட்கும்.

கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் வைத்திருந்தால் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அதோடு நிற்காமல், ஆடியோ அமைப்பில் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ என்பதையும் அணைக்க வேண்டும். அது இயங்கினால் வேகம் குறையுமே தவிர சுருதி இறங்காது. சில டி.வி.டி.களில் சுருதியை முன்பே சரிசெய்திருப்பார்கள். ஆகவே ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ ஒரு ஸ்வரத்தை ஒத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ பளிச்சென்று இருக்கிறது. 1980-களின் தொடர்கள் மங்கலாக இருப்பது ஏன்?

அமெரிக்க நகைச்சுவைத் தொடரான லூசியை மூன்று கேமரா வைத்து 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார்கள். நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால் இன்றைய ஸ்கேனரில் புதிதாக ஏற்றலாம். 80-களில் பல தொடர்கள் நேரடியாக வீடியோ டேப்பில் பதிவாயின. பால் டேப்பில் படத்துக்குக் கிடைப்பது 576 வரிகள்தான்; அதற்குமேல் எடுக்க அங்கே எதுவும் இல்லை. ஃபிலிமில் எடுத்து டேப்பில் எடிட் செய்த தொடர்களும் உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அப்படித்தான். அதைத் துலக்க, மூல நெகட்டிவ்களைத் தேடி எடுத்து மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி எடிட் செய்ய வேண்டியிருந்தது.

டேப் தொடரைக் கணினியில் பார்க்கும்போது, கை வேகமாக அசைந்தால் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரிகிறதா? பிளேயரில் ‘டீஇன்டர்லேஸ்’ போடுங்கள்; ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் பதிவான வரிகளைச் சேர்த்து ஒட்டும் வசதி அது. பெரிய திரையில் பார்த்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

மௌனப் படங்களில் எல்லாரும் ஏன் ஓடுகிறார்கள்?

கையால் சுழற்றிய கேமரா; பெரும்பாலும் விநாடிக்கு 16 முதல் 20 பிரேம் வரை எடுத்தார்கள். அதை 24-இல் ஓட்டினால் நடப்பவர் ஓடத்தான் செய்வார். வேகத்தை 0.75-இல் வையுங்கள், 18 பிரேம் கணக்கு வரும். ஒட்டவைத்த இசை இழுபட்டால் ஒலியை நிறுத்திவிடுங்கள். ஆனால் சீர்செய்து வெளியான பிரதிகளில் வேகம் ஏற்கெனவே சரியாக இருக்கும். நகைச்சுவைப் படங்களில் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி வேகம் கூட்டியதும் உண்டு. எனவே துரத்தல் காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊற்றும் தண்ணீர், எழும் புகை, சாதாரணமாகத் தெருவில் போகிறவர் நடை, இவற்றைப் பார்த்து வேகத்தை வையுங்கள்.

வண்ணம் பூசிய பிரதியில் பார்க்கலாமா?

கறுப்பு–வெள்ளைப் பிரதி கிடைத்தால் வேண்டாம். அந்த ஒளியமைப்பே நிழலை நம்பிச் செய்தது. மேலே வண்ணம் ஏறினால் முகமும் பின்சுவரும் ஒரே தளத்துக்கு வந்துவிடும்.