கீழாநெல்லி குடிச்சா மஞ்சக்காமாலை போயிடுமா?

கேள்வி: எங்க அண்ணனுக்கு நாலு நாளா கண்ணு மஞ்சளா இருக்கு, சாப்பாடே எறங்க மாட்டேங்குது. பெரியவங்க எல்லாம் கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடு, ஆஸ்பத்திரி எதுக்குங்கிறாங்க. இதுக்கு ஆராய்ச்சி ஏதாச்சும் இருக்கா, இல்ல வெறும் நம்பிக்கைதானா?

பதில்: இருக்கும்மா, அதுவும் நம்ம சென்னையிலயே நடந்தது. 1988-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, பேராசிரியர் தியாகராஜன் குழுவோட ஆய்வு, ஈரலத் தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸ கண்டுபிடிச்சு நோபல் பரிசு வாங்கின ப்ளம்பர்க்கும் அதுல ஒரு ஆசிரியர். காஞ்ச கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூணு வேளை, 30 நாள் குடுத்தாங்க. மருந்து எடுத்த 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்த வைரஸோட அடையாளம் இல்லாம போச்சு, வெத்து மாத்திரை எடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி ஆச்சு. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா அப்புறம் தாய்லாந்து மாதிரி இடங்கள்ல செஞ்சப்போ அந்த ரிசல்ட் வரல, 2011-ல மருத்துவ ஆய்வுகள தொகுத்து அலசுற காக்ரேன் குழு எல்லா ஆய்வையும் சேர்த்துப் பாத்துட்டு, பலன் இருக்குன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னுட்டாங்க.

இன்னொண்ணு, இத யாரும் சொல்றதே இல்ல. அந்த சென்னை ஆய்வுல இருந்தவங்க மஞ்சக்காமாலைக்கு வந்தவங்க இல்ல, வைரஸ உடம்புல சுமந்துட்டு நடமாடிட்டு இருந்தவங்க. மஞ்சக்காமாலைங்கிறது ஒரு அறிகுறிதான். ஹெபடைடிஸ் ஏ-வா இருந்தா பெரும்பாலும் சில வாரத்துல தானாவே சரியாயிடும், அப்போ என்ன குடிச்சிருந்தாலும் அதுதான் குணப்படுத்துச்சுன்னு தோணும். அதுவே பித்தநாளத்துல கல்லு அடைச்சிருந்தா, எலிக்காய்ச்சலா இருந்தா, வேற மாத்திரையால ஈரல் கெட்டிருந்தா, எத்தன உருண்டை அரைச்சுக் குடுத்தாலும் நாள்தான் வீணாகும். இன்னைக்கே எல்எஃப்டி, அதாவது ஈரல் எப்படி இருக்குன்னு பாக்குற ரத்தப் பரிசோதனை எடுங்க, டாக்டர் சொன்னா ஸ்கேனும் பாத்துடுங்க. ஒண்ணுக்கு டார்க்கா, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்குதுன்னா அடைப்பா இருக்கலாம். பேச்சு குழறுது, தூங்கி தூங்கி விழறார், ரத்தம் கசியுதுன்னா ஒரு நிமிஷம் கூட வீட்ல வெச்சிருக்காதீங்க. வீட்ல கர்ப்பிணி யாருக்காவது கண்ணு மஞ்சளானா இன்னும் சீரியஸ், ஹெபடைடிஸ் ஈ அவங்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: தோட்டத்துல நிறைய முளைச்சிருக்கு, இதுதான் கீழாநெல்லின்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: இலைக்காம்பத் திருப்பிப் பாருங்க. அடிப்பக்கம் வரிசையா கடுகவிடக் கொஞ்சம் பெருசா பச்சைக் காய் தொங்கும், காய் வழவழன்னு இருக்கும், தண்டும் பச்சையா இருக்கும். தண்டு செவந்து காய் சொரசொரன்னு இருந்தா அது இதோட சொந்தக்காரச் செடி, வேற இனம். கடைச்சரக்குலயும் இப்படி கலந்து வருதுன்னு டிஎன்ஏ சோதனையிலயே தெரிஞ்சிருக்கு, அதனால முழுச் செடியா பாத்து வாங்குறது நல்லது.

கேள்வி: சுகர் மாத்திரை சாப்பிடுறேன், நானும் குடிக்கலாமா?

பதில்: டாக்டர கேக்காம வேணாம். இது சர்க்கரையையும் குறைக்கலாம், மாத்திரையோட சேர்ந்தா லோ சுகர் ஆகிடலாம்.