ஆப்ரிகாட் விதை எண்ணெயின் பயன்கள் என்ன? அதன் பருப்பையும் சாப்பிடலாமா?

கேள்வி கேட்டவர் முகத்துக்கோ தலைமுடிக்கோ பூசுவதற்கு ஒரு குப்பி வாங்கியிருப்பார், கூடவே அதே கடையில் அந்தப் பருப்பும் விற்பதைப் பார்த்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். எண்ணெயைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை உட்கார வைத்தது.

நான் மருத்துவன் அல்லன். லடாக்கில் சாலைப் பணிப் பிரிவு ஒன்றில் மேற்பார்வையாளராக நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். லேயிலிருந்து கார்கில் போகும் வழியில், சிந்து நதிக்கரையில் கல்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் முகாம் இருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஆப்ரிகாட் மரம் உண்டு. போன முதல் ஆண்டு, அக்டோபர் முடிவதற்குள் என் குதிகால் வெடித்துக் காலுறையில் ரத்தம் ஒட்டத் தொடங்கிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாக உறைந்துகிடந்தது; கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகுவதற்குள் விரல் மரத்துப்போகும். நாங்கள் பால் வாங்கிய வீட்டுப் பாட்டி, அங்கே மரியாதையாக 'அபிலே' என்று அழைப்பார்கள், என் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சிறு கிண்ணத்தில் பொன்னிற எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குளிரிலும் அது தண்ணீரைப் போல ஓடியது. இரவில் தடவிக் காலுறை மாட்டிக்கொண்டு படுத்தேன். பத்து நாளில் வெடிப்பு மூடிவிட்டது.

அவர் அதை எடுக்கும் விதத்தைப் பின்னர் பலமுறை அருகிலிருந்து பார்த்தேன். உலர்ந்த கொட்டைகளை ஒரு தட்டைக் கல்மேல் வைத்து மற்றொரு கல்லால் தட்டி உடைப்பார். உள்ளிருக்கும் பருப்பைக் கல்குழியில் இட்டு விழுதாக அரைத்து, விரல் நுனியால் வெந்நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைவார். நம் ஊர்ச் செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்த்ததும் எண்ணெய் பிரிந்து வருமே, அதைப் போல விழுது திடீரென்று இறுகி, விரலிடுக்கில் எண்ணெய் கசியத் தொடங்கும். பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் என்பதால், கையால் பிசைந்தே கணிசமாக எடுத்துவிடலாம்.

ஒரு நாள் அவருக்கு உதவுவதாக எண்ணி, மூலையில் இருந்த கொட்டைகளை நானே உடைத்து நாலைந்து பருப்பை வாயருகே கொண்டு போனேன். பாட்டி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிவிட்டார். "கந்தே, கந்தே" என்றார். கசப்பு என்று பொருள். இனிப்புப் பருப்பு 'ஞர்மோ'. அதைக் குழந்தைகள்கூடத் தின்பார்கள். கந்தே விளக்குக்கும் உடம்பில் தேய்ப்பதற்கும் மட்டுமே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். எந்த மரத்தின் கொட்டை எந்தக் கூடையில் இருக்கிறது என்பது அந்த வீட்டார் அறிந்த கணக்கு. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற லடாக்கின் 'ரக்சே கர்போ' வகைக்கு மட்டும் கொட்டையே வெண்மையாக இருப்பதால், அது இனிப்பு என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அந்தப் பெயருக்கும் 'வெள்ளை விதை' என்றுதான் பொருள்.

அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எண்ணெய்க்கும் பருப்புக்கும் உள்ள வேறுபாடு புரியும். கசப்புப் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே பருப்பிலேயே தனியாக ஒதுங்கி இருக்கிறது. மென்று ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. அமிக்டலின் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது; ஆகவே பருப்பை உலர்வாகப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் அது ஏறக்குறைய வருவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வளர்ந்த ஒருவர் ஒரே வேளையில் சிறிய பருப்பு மூன்றுக்கு மேல் தின்றாலே பாதுகாப்பான அளவைத் தாண்டிவிடக்கூடும். குழந்தைகளுக்கு ஒரு சிறு பருப்பே அதிகம்.

இனி எண்ணெயின் பயனுக்கு வருகிறேன். இதில் பெரும்பகுதி ஒலீயிக் என்ற கொழுப்பு அமிலம், ஏறக்குறைய கால் பங்கு லினோலீயிக் என்ற மற்றொரு கொழுப்பு அமிலம், அதனுடன் வைட்டமின் ஈ. இலேசானது, பிசுபிசுப்பின்றித் தோலில் இறங்குவது. வறண்ட தோல், வெடித்த உதடு, குதிகால், நுனி பிளந்த முடி ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. குளித்து ஈரம் காய்வதற்குள் மூன்று நான்கு துளி தடவினால் போதும். உடம்பு பிடித்துவிடுவதற்கும் நல்ல எண்ணெய். கின்னௌர் முதலிய ஹிமாச்சலப் பகுதிகளில் இதன் காட்டு வகையிலிருந்து எடுக்கும் 'சுல்லி' எண்ணெயை மூட்டுவலிக்குத் தேய்ப்பது தலைமுறை வழக்கம்; அதுவும் புவிசார் குறியீடு பெற்றதுதான். ஆனால் எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ள முகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்களும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சுருக்கத்தைப் போக்கும், நிறத்தைக் கூட்டும் என்றெல்லாம் விளம்பரத்தில் வருவதை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். பூசுவதற்கென்று விற்கும் குப்பியிலிருந்து ஒரு கரண்டிகூடச் சமையலில் சேர்க்கக் கூடாது.

வாங்கும்போது குப்பியின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை அவசியம் படியுங்கள். முன்பக்கம் ஆப்ரிகாட் பழத்தின் படமும், பின்பக்கம் முதல் பெயராகப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் லிக்விட் பாரஃபினும் உள்ள குப்பியை நானே ஏமாந்து வாங்கியிருக்கிறேன். இதற்கு மாறான ஏமாற்றும் நெடுங்காலமாக உண்டு: பாதாம் எண்ணெயின் தன்மையோடு மிக நெருங்கியது என்பதால், ஆப்ரிகாட் எண்ணெயைப் பாதாம் எண்ணெயில் கலந்து பாதாம் விலைக்கு விற்பார்கள். பாட்டியைப் போன்றவர்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து கல்லால் தட்டி எடுக்கும் பொருள், நகரத்துக் கடையில் பெயரிழந்து கலப்படச் சரக்காக நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது பருப்பு. ஊர் திரும்பிய பிறகும் நண்பர்கள் மூலம் இந்த எண்ணெயை வரவழைத்து வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவந்தேன். என் மூத்த அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோதெரபி நடந்துகொண்டிருந்தபோது, யாரோ அவரிடம் 'வைட்டமின் பி17' என்று சொல்லிக் கசப்புப் பருப்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் நாளுக்கு இரண்டாகத் தொடங்கி, ஒரு நாள் காலையில் பத்துக்கு மேல் மென்றிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத் திணறல். சிகிச்சையின் பக்கவிளைவு என்று எண்ணியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தலையணைக்கு அடியில் இருந்த பொட்டலத்தை அண்ணன் மகள் எடுத்து வந்து காட்டிய பிறகுதான் மருத்துவருக்கு விஷயம் விளங்கியது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். கண் திறந்ததும் அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "நீ கொடுத்த எண்ணெய் எனக்கு அவ்வளவு நல்லா கேட்டுச்சேடா தம்பி. அதே கொட்டைதானேன்னு நம்பித் தின்னேன்."

அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. எண்ணெயின் பெருமையை ஊரெல்லாம் பேசிய நான், பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிவிட்டதை ஒருமுறைகூட வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

பி17 என்று ஒரு வைட்டமினே கிடையாது. அமிக்டலினுக்கு விற்பனைக்காகச் சூட்டிய பெயர் அது. அமெரிக்காவில் 178 புற்றுநோயாளிகளுக்கு அமிக்டலினைக் கொடுத்துப் பார்த்து 1982-இல் முடிவை வெளியிட்டார்கள்: நோய் குணமாகவுமில்லை, கட்டுப்படவுமில்லை, சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. இதன்கீழ் வந்து, பாகிஸ்தானின் வடக்கே உள்ள ஹுன்சா பள்ளத்தாக்கு மக்கள் இதைத் தின்றே 120 ஆண்டு வாழ்கிறார்கள் என்று எழுதப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த வயதுக்குப் பிறப்புச் சான்று எதுவும் இல்லை. ஆப்ரிகாட்டையே நம்பி வாழும் மலையூர்க்காரர்கள் கசப்பையும் இனிப்பையும் தனித்தனிக் கூடையில் வைப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்த எழுதவில்லை. சிகிச்சையில் இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

அக்காவுக்குச் சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கீமோவில் வறண்டு கறுத்துப்போன கைகளுக்கு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இந்த எண்ணெயைத்தான் இரவில் தடவிக்கொள்கிறார். புதுக் குப்பி வந்தால் தானாகத் திறப்பதில்லை. நான் பின்பக்கத்து எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும்வரை மேசைமேலேயே வைத்திருக்கிறார்.