அந்நியப் படை போனபின் யார் மாட்டிக்கொள்கிறார்கள்?

கேள்வி இதுதான்: முஸ்லிம்களின் இரு பிரிவுகளான சுன்னி–ஷியா மோதல் அடங்காத நிலையிலேயே 2011இல் அமெரிக்கப் படை ஈராக்கை விட்டுப் போனது. ‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஐஎஸ் ஆயுதக் குழு தலையெடுத்தது அதனால்தானா? உள்ளுக்குள் அடிபட்டுக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில் இருந்து வெளிநாட்டு ஆமி போனால் பொதுவாக என்ன நடக்கும்?

படை போனது ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பே கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டுக்குள் இருக்கும் சமூகங்கள் தங்களுக்குள் ஒரு உடன்பாட்டுக்கு வராமல், நடுவில் துப்பாக்கியோடு நின்றவன் மட்டும் விலகிக்கொண்டால், அவனை நம்பி நின்றவர்களும் இரண்டு பக்கத்திலும் சேராத சின்னச் சமூகங்களும்தான் முதலில் அழிகிறார்கள். ஈராக்கில் அது நடந்தது. 1990இல் எங்கள் நாட்டிலும் அதுதான் நடந்தது. நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன், குடும்பம் யாழ்ப்பாணம். இந்தியன் ஆமி வந்த கதையும் போன கதையும் வீட்டில் கேட்டு வளர்ந்தவள். ஈராக்கையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

2011ஐப் பற்றிப் பேசுகிற பலர் 2003ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த வருடம் மே மாதம் அமெரிக்க நிர்வாகியாக இருந்த போல் பிரெமர் இரண்டு உத்தரவுகள் போட்டார். சதாமின் பாத் கட்சியில் மேல்மட்டத்தில் இருந்தவர்களை அரச வேலையில் இருந்து நீக்கியது ஒன்று. ஈராக் இராணுவத்தையே கலைத்தது மற்றது. ஆயுதம் பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். சுன்னி அதிகாரிகளுக்கு இது வேலை போனது மட்டுமில்லை, நாட்டில் தங்களுக்கு இனி இடமே இல்லை என்ற செய்தியாகவும் பட்டது.

பிறகு 2006 பெப்ரவரி 22இல் சமாராவில் ஷியாக்கள் போற்றும் அல் அஸ்கரி பள்ளிவாசலின் பொன் குவிமாடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பின் பக்தாத் தெருத் தெருவாகப் பிரிந்தது. உமர் என்று சுன்னிப் பெயர் இருந்தால் ஒரு சோதனைச் சாவடியில் உயிர் போகும். ஹுசைன் என்று ஷியாக்கள் விரும்பி வைக்கும் பெயர் இருந்தால் இன்னொன்றில் போகும். அடையாள அட்டையை நீட்டிவிட்டு எதிரே நிற்பவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற கொழும்புத் தமிழருக்கு அந்தப் பயத்தை நான் விளக்கத் தேவையில்லை. இத்தனையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் நாட்டுக்குள் இருந்த காலத்தில்தான் நடந்தது. படை இருந்தாலே அமைதி வந்துவிடும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2007க்குப் பிறகு கொலைகள் குறைந்ததும் உண்மை. புஷ் மேலதிகப் படை அனுப்பினார். அதைவிடப் பெரிய மாற்றம் அன்பார் மாகாணத்தில் நடந்தது. அங்கிருந்த சுன்னி கோத்திரத் தலைவர்கள் அல் கைதாவின் கொடுமை தாங்காமல் அமெரிக்கரோடு சேர்ந்தார்கள். சஹ்வா என்று அழைக்கப்பட்ட அந்த அணிகளில் உச்சக் கட்டத்தில் ஒரு லட்சம் பேரளவில் இருந்தார்கள். ஆளுக்கு மாதம் 300 டொலர் அளவில் அமெரிக்கா சம்பளம் கொடுத்தது. நேற்றுவரை அமெரிக்கரைச் சுட்டவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் நம்பியது பக்கத்து முகாமில் இருந்த அமெரிக்க அதிகாரியை. பக்தாத்தில் இருந்த ஷியாப் பிரதமர் நூரி அல் மாலிக்கியை அவர்கள் ஒருநாளும் நம்பவில்லை. மாலிக்கியும் அவர்களை நம்பவில்லை. ஐந்தில் ஒரு பங்கினரை இராணுவத்திலும் பொலிசிலும் சேர்ப்போம், மற்றவர்களுக்கு வேறு அரச வேலை தருவோம் என்று அவருடைய அரசு வாக்குக் கொடுத்தது. சொன்னபடி நடக்கவில்லை. சம்பளம் இழுபட்டது. அதற்குள் அல் கைதாவின் மிச்சங்கள் இந்த ஆட்களைத் தேடித் தேடிக் கொன்றன.

வெளியேறும் தேதியை ஒபாமா கண்டுபிடிக்கவில்லை. 2011 டிசம்பர் 31க்குள் எல்லாரும் போக வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் 2008 நவம்பரில் கையெழுத்துப் போட்டது புஷ் அரசு. கொஞ்சப் பேரையாவது வைத்திருக்கலாமா என்று 2011இல் பேசினார்கள். தங்கள் சிப்பாய்களை ஈராக் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது, அதற்கு நாடாளுமன்றமே ஒப்புதல் தர வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. அதற்கு ஓட்டுப் போட அங்கே ஆள் இல்லை. பேச்சு முறிந்தது. டிசம்பர் 18 அன்று கடைசி வாகனத் தொடர் குவைத் எல்லையைக் கடந்தது.

மறுநாள், டிசம்பர் 19, நாட்டின் துணை ஜனாதிபதியான தாரிக் அல் ஹாஷிமிக்குப் பிடியாணை வந்தது. அவர் சுன்னி. ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை, பாருங்கள். அவர் வடக்கே குர்திஷ் பகுதிக்கு ஓடி, பிறகு துருக்கிக்குப் போனார். அவர் இல்லாமலேயே வழக்கு நடத்தி மரண தண்டனை கொடுத்தார்கள். அடுத்த வருடக் கடைசியில் நிதியமைச்சர் ராஃபி அல் இசாவியின் மெய்க்காவலர்களைப் பிடித்தார்கள், அவரும் சுன்னி. அன்பார் முழுக்க மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் ஹவீஜாவில் போராட்ட முகாமுக்குள் படை புகுந்து பலரைக் கொன்றது. அந்த வருடம் முடியும்போது ரமாதி முகாமையும் கலைத்தார்கள். சில நாட்களில் ஃபலூஜா ஐஎஸ் கையில் இருந்தது. 2014 ஜூன் 10இல் மொசூல் விழுந்தது. பல மடங்கு பெரிய இராணுவம் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. அடுத்து வந்த பிரதமர் ஹைதர் அல் அபாதி கணக்குப் பார்த்தபோது, சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் உள்ள ‘சிப்பாய்கள்’ 50,000 பேர் இருந்தார்கள்.

சரி, ஒரு பத்தாயிரம் அமெரிக்கர் அங்கே தங்கியிருந்தால்? மாலிக்கி கொஞ்சம் பயந்திருப்பார், மொசூல் அவ்வளவு சுலபமாக விழுந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் நோய் அப்படியே இருந்திருக்கும். 2010 தேர்தலில் சுன்னிகள் பெருவாரியாக ஆதரித்த அயாத் அலாவியின் அணி 91 இடம் எடுத்தது, மாலிக்கி 89. மாதக்கணக்கில் பேரம் நடந்து மாலிக்கியே மீண்டும் பிரதமரானார், அமெரிக்காவும் கடைசியில் அவர் பக்கமே நின்றது. அதிகாரப் பகிர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை அவர் பிறகு மதிக்கவில்லை. அப்போது நாட்டுக்குள் பல்லாயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். வற்புறுத்த வேண்டிய நேரம் அது. என்னைக் கேட்டால் 2011ஐ விடப் பெரிய பிழை அந்த 2010தான்.

இனி எங்கள் கதை. ஈராக்கில் மதப் பிரிவு, இங்கே இனமும் மொழியும். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் படை போனபிறகு நடந்தவை மிகவும் ஒத்துப்போகின்றன.

1987 ஜூலை 29இல் ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமைதி காக்க வந்த இந்தியப் படை ஒக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது. அந்தத் தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அந்தப் படை புகுந்து டாக்டர்கள், தாதிமார், நோயாளிகள் என்று சுட்டுக் கொன்றது. அதனால் அவர்கள் போக வேண்டும் என்று எங்கள் சனம் ஏங்கியதில் எந்தப் பிழையும் கிடையாது. அவர்கள் தங்கியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் போன விதத்தைப் பாருங்கள். 1989 ஜூன் 1இல் ஜனாதிபதி பிரேமதாச, ஜூலைக் கடைசிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதே நேரம் கொழும்பில் புலிகளோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது இந்தியன் ஆமி போக வேண்டும் என்ற அந்த ஒரே விஷயம்தான். இன்னொரு பக்கம், இந்தியாவின் ஆதரவில், புலிகளுக்கு எதிரான தமிழ் இயக்கமான ஈபிஆர்எல்எஃப்பின் வரதராஜப் பெருமாள் வடக்கு கிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்தார். படை போனால் தங்கள் கதி என்ன என்ற பயத்தில் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு ஆள் சேர்த்தது எப்படி என்று வடக்கு கிழக்கில் எந்தத் தாயிடமும் கேட்கலாம். ரோட்டில், பஸ்ஸில், ரியூசன் வாசலில் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைமயிரை மொட்டையடித்து, சில வாரப் பயிற்சி கொடுத்து, கையில் துவக்கைக் கொடுத்தார்கள்.

அப்படிப் பிடிபட்டவர்களில் எனக்கு மாமா முறையான ஒருவரும் உண்டு. ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர். இந்தியப் படை 1989 கடைசியில் அம்பாறையில் இருந்து விலக ஆரம்பித்ததும் அந்த முகாம்கள் ஒவ்வொன்றாகப் புலிகளிடம் விழுந்தன. தலைவர்களுக்கு இந்தியாவுக்குப் போகக் கப்பல் இருந்தது. பொடியன்களுக்கு எதுவும் இல்லை. மாமா எந்த முகாமில் இருந்தார், எப்படிச் செத்தார் என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. இங்கே நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. இலங்கையில் இறந்த கிட்டத்தட்ட 1,200 பேருக்கானது. அவர்களை நினைவுகூர்வது நியாயம்தான். எங்கள் மாமாவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1990 மார்ச் 24இல் திருகோணமலையில் இருந்து கடைசி இந்தியச் சிப்பாய்கள் கப்பல் ஏறினார்கள். மூன்று மாதம் ஆகவில்லை, ஜூன் 11இல் கிழக்கில் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள். மேலிடத்து உத்தரவுப்படி சரணடைந்த சுமார் 600 பொலிசார் கொல்லப்பட்டார்கள். முழுப் போர் திரும்பி வந்தது. கிழக்கில் அரச படை சுற்றிவளைத்துக் கொண்டுபோன தமிழ் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போனார்கள். ஒகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒக்டோபர் கடைசியில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும், ஏறக்குறைய 70,000 பேரை, புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தாயார் அன்று காதில் கிடந்த தோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புத்தளத்துக்கு வந்தவர். தமிழரான நாங்கள் இதைப் பேசத் தயங்குகிறோம். அது தப்பு. அந்தச் சனம் இந்தியன் ஆமியையும் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

ஈராக்கில் அதே இடத்தில் நின்றவர்கள் யசீதிகள். சுன்னியும் கிடையாது, ஷியாவும் கிடையாது. தங்களுக்கென்று தனி மதம். 2014 ஒகஸ்ட்டில் ஐஎஸ், அவர்கள் வாழும் வடக்கு ஈராக்கின் சிஞ்சாருக்குள் வந்தபோது அதுவரை காவலுக்கு நின்ற குர்திஷ் படை சொல்லாமல் கொள்ளாமல் பின்வாங்கியது. ஆண்களைக் கொன்றார்கள், ஆயிரக்கணக்கான பெண்களை அடிமைகளாக விற்றார்கள்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் முடிய வேண்டும் என்றும் விதி இல்லை. சோவியத் படை 1989 பெப்ரவரியில் ஆப்கானிஸ்தானை விட்டுப் போனபோது அவர்கள் ஆதரவில் அங்கே ஆண்ட நஜிபுல்லா சில மாதம் தாங்கமாட்டார் என்றார்கள். மொஸ்கோவில் இருந்து பணமும் எரிபொருளும் ஆயுதமும் வந்துகொண்டிருந்ததால் அவர் மூன்று வருடம் தாக்குப்பிடித்தார். சோவியத் யூனியனே இல்லாமல் போனபிறகுதான் விழுந்தார். 2021இல் அமெரிக்கா போனபோது விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்த ஊழியர்களும் சேர்ந்தே போனார்கள். காபூல் ஒகஸ்ட் 15இல், கடைசி அமெரிக்கன் விமானம் ஏறுவதற்கு முன்னமே விழுந்துவிட்டது.

லெபனான் இன்னும் நல்ல உதாரணம். 1976இல் நுழைந்த சிரியப் படை 2005 ஏப்ரலில் வெளியேறியது. கொலைகள் நடந்தன, 2008 மே மாதம் பெய்ரூட் தெருக்களில் சண்டையும் வந்தது. ஆனாலும் 1975இல் தொடங்கியது போன்ற முழு உள்நாட்டுப் போர் திரும்பவில்லை. நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவருக்குப் பாதி, முஸ்லிம்களுக்குப் பாதி என்று 1989இலேயே சவூதி நகரமான தாயிஃபில் பேசி முடித்திருந்தார்கள். குறைகள் நிறைந்த ஏற்பாடுதான். ஷியா இயக்கமான ஹிஸ்புல்லாவின் ஆயுதம் அப்படியே இருந்தது. இருந்தும், படை போன மறுநாள் யாருக்கு எந்த நாற்காலி என்று யாரும் புதிதாகச் சண்டை பிடிக்க வேண்டி வரவில்லை.

ஈராக் விஷயம் இன்னும் முடியவும் இல்லை. 2014இல் திரும்பி வந்த அமெரிக்கக் கூட்டணிப் படையின் பணியை 2025 செப்டம்பருக்குள் பெரும்பகுதியும், மிச்சத்தை 2026 செப்டம்பருக்குள்ளும் முடிப்பதாக 2024இல் இரண்டு அரசுகளும் அறிவித்தன. இந்த முறையும் பேச்செல்லாம் தேதியைப் பற்றித்தான். சிஞ்சாரைப் பற்றி பக்தாத் அரசும் குர்திஷ் அரசும் 2020 ஒக்டோபரில் ஓர் உடன்படிக்கை செய்தன. வெளி ஆயுதக் குழுக்களை அகற்றி, அந்த ஊர் மக்களிலேயே 2,500 பேரைப் பாதுகாப்புப் பணிக்கு எடுப்பதென்று அதில் எழுதியிருக்கிறது. வருடங்கள் போய்விட்டன, பெரும்பாலும் காகிதத்திலேயே கிடக்கிறது. யசீதிகளில் நிறையப் பேர் இன்னும் குர்திஷ் பகுதியில் துஹோக் பக்கத்து முகாம்களில் கூடாரத்தில் இருக்கிறார்கள். கடைசி அமெரிக்கன் எப்போது போவான் என்பதைவிட, அந்த 2,500 பேருக்கு வேலை எப்போது கிடைக்கும் என்ற செய்தியைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.