மலேசியத் தமிழர்களுக்குள் சாதியைத் தவிர வேறு பிரிவினை இருந்ததா?

இருந்தது. நான் அதைத் தாத்தாவின் சைக்கிளில் பார்த்தேன்.

தாத்தா கிள்ளான் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கடைசிக் காலத்தில் கோலாலம்பூர் செந்தூலில் எங்களோடு இருந்தார். 1985 வாக்கில், எனக்கு எட்டு வயது, என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சந்தைக்குப் போவார். வழியில் ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஒருவரின் வீடு. வேலி தெரிந்ததுமே இறங்கிவிடுவார். வீட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார், அப்புறம்தான் ஏறுவார். "ஏன் தாத்தா?" என்றால், "சங்கிலி கழண்டுக்கிச்சுப்பா" என்று குனிந்து தொட்டுப் பார்ப்பார். சங்கிலி நன்றாகத்தான் இருக்கும்.

தோட்டத்தில் மேட்டில் வெள்ளைக்கார மேனேஜரான துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, பள்ளத்தில் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயம். கிராணிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் அதிகம். சாதியும் கப்பலேறி வந்ததுதான், மறுக்கவில்லை. கல்யாணப் பேச்சில் இன்றும் தலைகாட்டுகிறது. ஆனால் இந்த மேடு பள்ளம் வெள்ளைக்காரன் போட்டது. தமிழனை வைத்தே தமிழனைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிறுத்தி வேலை வாங்கினான். நம் தோட்டக் கதைகள் பலவற்றில் கிராணிதான் வில்லன், துரை எங்கோ தூரத்தில் நிற்பார். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் 1941 கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றி வாசித்தேன். முன்னின்றவர் ஆர்.எச்.நாதன், தோட்டக் கூலி அல்ல, படித்த பத்திரிகைக்காரர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கோரிக்கைகளைப் படித்துக்கொண்டே வந்தேன்: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறாமல் இருப்பது. அவற்றோடு இன்னொன்று: துரைமார், கிராணிமார் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி.

அந்த வரியில் நெடுநேரம் நின்றேன். கூலிக்குச் சமமாக அதையும் கேட்டிருக்கிறார்கள் என்றால், தினம் தினம் இறங்கி நடந்தது எப்படி வலித்திருக்கும்!

தாத்தாவுக்கு அப்போது இருபது வயது இருந்திருக்கும். அந்தப் போராட்டத்தில் இருந்தாரா என்று கேட்க ஆசை. நான் இதைப் படிப்பதற்கு ஆறேழு வருடம் முன்பே அவர் போய்விட்டார்.